பிடி அரிசியும் மூன்றாம் ஓலையும்

என் மாமியார் சுகிர்தம் போன ஆவணி மாதம் காலமானார். அடக்க ஆராதனையில் அவருடைய ஜீவிய சரித்திரத்தை வாசித்தார்கள். எங்கள் சபையில் அது வழக்கம். இறந்தவர் எந்த ஊரில் பிறந்தார், யாருக்கு வாழ்க்கைப்பட்டார், எத்தனை பிள்ளைகள், எவ்வளவு பக்தி என்பதையெல்லாம் ஒரு முழுத்தாளில் எழுதிப் பெட்டியை மூடுவதற்கு முன் வாசிப்பார்கள். அத்தையைப் பற்றி எழுதி வாசித்தவர் சபைச் செயலாளர் மாசிலாமணி. "அன்னார் இளகிய மனமும் இரக்க குணமும் உடையவர்" என்று அவர் வாசித்தபோது எனக்குப் பொறுக்கவில்லை. சாவு வீட்டில் சண்டை வேண்டாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். என் மனைவி ரூபவதி என் கையை விடாமல் பிடித்திருந்தாள். அவள் பிடித்திராவிட்டால் அந்தத் தாளைப் பிடுங்கியிருப்பேன். அதில் அவர் எழுதாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். படிக்கிறவர்கள் யாருக்குக் கோபம் வந்தாலும் எனக்குக் கவலையில்லை.

முதலில் அந்த இளகிய மனசு. அத்தைக்கு அப்படியொன்று இருந்ததாக அவரிடம் திட்டு வாங்கிய யாரும் சொல்ல மாட்டார்கள். முசரவாக்கத்தில் கூலி வேலை செய்த குடும்பத்தில் பிறந்தவர். பதினேழு வயதில் காஞ்சிபுரத்துக்கு வந்தார். மாமனார் யேசுதாஸ் ஒரு பள்ளிக்கூடத்தில் அட்டெண்டர். ஞாயிற்றுக்கிழமை எங்கள் கோயிலில் மணி அடிப்பவர். உரத்துத் தும்மினால்கூட யாரிடமாவது மன்னிப்புக் கேட்கிற மனிதர். அத்தை வீட்டிலிருந்தபடியே நெசவுக்காரர்களுக்குப் பட்டு இழைத்துக் கொடுத்தார். ராட்டினம் சுற்றும் கை நிற்காது. வாயும் நிற்காது.

எதிர்வீட்டு அம்சவேணி பிரசவமாகிக் காய்ச்சலில் கிடந்தபோது நாற்பது நாள் அவளுடைய துணியைத் துவைத்துப் போட்டவர் அத்தைதான். நாற்பது நாளும் அவளைத் திட்டிக்கொண்டேதான் துவைத்தார். ஐயம்பேட்டையிலிருந்து வைக்கோல் ஏற்றி வந்த ஒருவன் நொண்டி மாட்டை அடித்ததைப் பார்த்து, வண்டியை மறித்து, அவன் கையிலிருந்த கழியை வாங்கி முட்டியில் வைத்து ஒடித்தார். பிறகு அவன் முகத்தைப் பார்த்து, காலையிலிருந்து அவனும் ஒன்றும் சாப்பிடவில்லை என்று கண்டுபிடித்து, மோர் கொடுத்து உட்கார வைத்தார். ஒடிந்த கழிக்காக வருத்தம் தெரிவிக்கவில்லை. இதற்கெல்லாம் இரக்கம் என்று பெயர் வைத்தால் அத்தைக்கே சிரிப்பு வரும். கண் முன்னால் வேலை கிடக்கிறது, செய்யாமல் எப்படிப் போவது என்பதுதான் அவருடைய பேச்சு.

1966 டிசம்பர் மாதம் எனக்கும் ரூபவதிக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. என் பெயர் சாலமோன். பெயருக்கேற்ற ஞானம் எனக்கு இல்லையென்று எல்லாரும் சொல்லிவிட்டார்கள், புதிதாக யாரும் சொல்ல வேண்டாம். செவிலிமேட்டில் இருந்தேன். தறியின் மேல் ஏற்றுகிற ஜக்கார்டு பெட்டிக்கு அட்டையில் துளை குத்திக் கொடுப்பது என் தொழில். ஒரு துளை தவறினால் புடவையில் மயிலுக்கு மூக்கு இருக்காது. வேலையில் அவ்வளவு நிதானம் உள்ளவன், வாயைத் திறந்தால் மட்டும் நிதானம் தப்பிவிடுவேன்.

எங்கள் சபையில் கல்யாணம் என்றால் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம், தடை இருக்கிறது என்று அறிந்தவர்கள் சொல்லலாம் என்று எல்லார் முன்னிலையிலும் அறிவிப்பார்கள். மூன்று முறையும் வாசித்தால்தான் தாலி. எங்களுக்கு ஜனவரி நாலாம் தேதி கல்யாணம். முதல் ஓலை டிசம்பர் பதினொன்று, இரண்டாவது பதினெட்டு. மூன்றாவது கிறிஸ்துமஸ் அன்று. அந்த வருஷம் அது ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. இரண்டு ஓலையும் ஒரு சிக்கலும் இல்லாமல் முடிந்தன. மூன்றாவதை அரிசி மறித்தது.

அரிசி என்றால் பிடி அரிசி. எங்கள் வீடுகளில் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பானை இருக்கும். உலைக்கு அரிசி களைவதற்கு முன்னால் அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து அந்தப் பானையில் போட்டுவிட வேண்டும். அது ஆண்டவருக்கு. வாரம் முழுவதும் சேர்ந்ததை ஞாயிற்றுக்கிழமை பையில் கொண்டுபோய், பீடத்துக்கு முன்னால் இருக்கும் மூங்கில் கூடையில் கொட்டுவார்கள். அது சபையின் செலவுக்கும் போதகருடைய வீட்டுக்கும் போகும். அத்தை கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒரு வாரம்கூடத் தவறாமல் கொட்டியவர்.

அந்த வருஷம் ஊரெங்கும் அரிசிப் பஞ்சம். ரேஷனில் பாதிக்குப் பாதி கோதுமையும் மைலோ என்ற சிவப்புச் சோளமும் போட்டார்கள். சோற்றைப் பார்த்துப் பிள்ளைகள் கைதட்டிய காலம். கோயில் கூடையில் விழுகிற அரிசியும் வாராவாரம் குறைந்தது. எல்லார் வீட்டுக் கைப்பிடியும் சின்னதாகிவிட்டது. அதைக் கண்டுபிடிக்கிற வேலையை மாசிலாமணி தானாகவே ஏற்றுக்கொண்டு, கூடைக்குப் பக்கத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க ஆரம்பித்தார். அவர் ஓய்வுபெற்ற வாத்தியார். பரீட்சை அறையில் பிள்ளைகளைப் பார்க்கிற பார்வையை அவர் இன்னும் விடவில்லை.

அத்தை வீட்டுக்கு அடுத்த வீட்டில் சைதுன் இருந்தார். நடுவில் ஒரே சுவர், பின்னால் பொதுக் கிணறு. சைதுனின் வீட்டுக்காரர் அப்துல் ரஹ்மான், பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுகிறவர். கார்த்திகையில் ஒரு நாள் கொதிக்கிற ஈயம் வலது கையில் கொட்டி, மணிக்கட்டுவரை வெந்துபோயிற்று. ஈயம் பூசுகிறவனுக்குக் கை போனால் அடுப்பும் போயிற்று. சித்தாரா என்று ஆறு வயதுப் பெண் வேறு. அந்த நிலைமையில் டிசம்பர் நடுவில் ரம்ஜான் நோன்பு ஆரம்பித்தது.

சாயங்காலம் நோன்பு திறக்கப் பள்ளிவாசல் கஞ்சி வந்துவிடும். சித்தாரா தூக்குவாளியில் வாங்கி வருவாள். விடியற்காலம் சாப்பிட்டுவிட்டு நோன்பு பிடிக்க வேண்டும் அல்லவா, அதற்குத்தான் ஒன்றும் இல்லை. சைதுன் அதை யாரிடமும் சொல்லவில்லை. கோழி கூவுவதற்கு முன்பே ராட்டினத்தில் உட்காருகிற அத்தை, இரண்டு நாள் பக்கத்து வீட்டில் அடுப்பு மூட்டும் சத்தமே கேட்கவில்லை என்பதைக் கவனித்தார். மூன்றாம் நாள் கிணற்றடியில் சைதுனைப் பிடித்துக்கொண்டார். நெஞ்செரிச்சல், அந்த நேரத்தில் சாப்பாடு இறங்கவில்லை என்று சைதுன் சிரித்துச் சமாளித்தார். வீட்டில் மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் நெஞ்செரிச்சலா என்று அத்தை கேட்டார்.

அத்தை வீட்டு அரிசியும் அப்போது டப்பாவின் அடியில்தான் இருந்தது. இருந்ததில் பாதியை முதல் நாள் கொடுத்தார். ரேஷன் அடுத்த வாரம்தான். டப்பாவில் மிச்சம் இருந்த கொஞ்சத்தை விட்டால் வீட்டில் இருந்த அரிசி ஆண்டவருடைய பானையில் இருந்தது மட்டுமே. அதை எடுத்து, தன் வீட்டு அரிசியில் மிச்சம் இருந்ததோடு கலந்து, முறத்தில் போட்டுச் சுவருக்கு மேலாக நீட்டிவிட்டார். பதினெட்டாம் தேதி ஞாயிறு, இரண்டாம் ஓலை வாசித்த நாள், வெறுங்கையோடு கூடையைத் தாண்டிப் போய் உட்கார்ந்தார். வேறு யாராக இருந்தாலும் இரண்டு பிடி மைலோவையாவது போட்டு ஒப்பேற்றியிருப்பார்கள். அத்தைக்கு ஒப்பேற்றத் தெரியாது.

மாசிலாமணி பார்த்துவிட்டார். ஆராதனை முடிந்ததும் அரிசி எங்கே என்று வாசலிலேயே கேட்டார். எடுத்துவிட்டேன் என்றார் அத்தை. எதற்கு என்றதற்கு, ஒரு தேவைக்கு என்றார். சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தார். அன்று சாயங்காலத்துக்குள் சபை முழுவதும் ஒரு முடிவுக்கு வந்துவிட்டது: சுகிர்தம் மகள் கல்யாணப் பந்திக்கு அரிசி சேர்க்கிறாள், ஆண்டவருடைய அரிசியில் கை வைத்துவிட்டாள். இருபத்திரண்டு வருஷம் ஒரு பெண்பிள்ளை வாராவாரம் கொட்டியது யாருக்கும் ஞாபகம் வரவில்லை. ஒரு வாரம் கொட்டாதது மட்டும் எல்லார் வாயிலும் மெல்லப்பட்டது. அவர் பிரசவம் பார்த்த வீட்டுக்காரிகளும் மென்றார்கள். அவர் கஞ்சி வைத்துக் கொடுத்து எழுந்து நடமாடினவர்களும் மென்றார்கள். இப்போது நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

புதன்கிழமை மாசிலாமணியும் ஐயரும் அத்தை வீட்டுக்கு வந்தார்கள். எங்கள் போதகரை நாங்கள் ஐயர் என்றுதான் சொல்வோம். ஊருக்குப் புதியவர், நல்லவர்தான். ஆனால் நல்லவராக இருப்பதற்கு மாசிலாமணியிடம் அனுமதி கேட்கிறவர். மாமனார் நாற்காலி இரவல் வாங்க அம்சவேணி வீட்டுக்கு ஓடினார். திரும்பி வருவதற்குள் தீர்ப்பு சொல்லியாகிவிட்டது. கிறிஸ்துமஸ் ஆராதனையில் சுகிர்தம் எழுந்து நின்று, அரிசியை என்ன செய்தார் என்று சபையாரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்டால் மூன்றாம் ஓலை வாசிக்கப்படும். கேட்காவிட்டால் ஜனவரி நாலாம் தேதி கல்யாணம் இல்லை.

மாமனார் சைக்கிளை மிதித்துக்கொண்டு செவிலிமேட்டுக்கு வந்து என்னிடம் இதைச் சொல்லி அழுதார். என் வீட்டிலோ, திருடி வீட்டில் பெண் எடுக்க வேண்டுமா என்று அதற்குள் பேச்சு கிளம்பிவிட்டது. ஓலை தள்ளிப்போனால் இந்தச் சம்பந்தமே முறிந்துவிடும் என்பது எனக்கும் தெரிந்தது, மாமனாருக்கும் தெரிந்தது. நான் அவருடைய சைக்கிளையே வாங்கிக்கொண்டு மாசிலாமணி வீட்டுக்குப் புறப்பட்டேன். வழியில் அத்தையிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு போவோம் என்று இறங்கினேன். நல்லவேளை இறங்கினேன்.

அத்தை ராட்டினத்தை நிறுத்தவில்லை. அரிசி போன இடத்தைச் சொன்னார். சொன்னதும் நான் எழுந்தேன். இதை முதலிலேயே சொல்லியிருந்தால் இத்தனை பேச்சு ஏன், இப்போதே போய் அந்த ஆளின் முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிட்டு வருகிறேன் என்றேன். அப்போதுதான் ராட்டினம் நின்றது.

"சைதுனு காதுக்கு இது போவக் கூடாது மாப்ள. பெருமாள் கோயில் பிரசாதத்த யாராச்சும் குடுத்தாக்கூட அது கையில வாங்கிக்கும், சாப்புடாது. சாமிக்கு வெச்சத அவங்க சாப்புட மாட்டாங்க. நோம்பு புடிக்கிறப்போ நாம குடுத்தது நம்ம சாமிக்கு எடுத்து வெச்ச அரிசின்னு தெரிஞ்சா, அந்தப் பொம்பள பிடிச்ச நோம்பெல்லாம் வீணாப் பூடுச்சேன்னு கெடந்து தவிக்கும். என்னெ திருடின்னு சொன்னா ஒரு நாளு பேச்சு. அதுக்கு ஆயுசுக்கும் பேச்சு."

உங்கள் மகள் கல்யாணம் நின்றுபோகுமே என்றேன். அடுப்பங்கரையில் ரூபவதி பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றுவிட்டது. பிறகு அத்தை, தான் எழுந்து நின்று எடுத்தது தப்புதான் என்று சொல்லிவிடப் போவதாகவும், எங்கே போயிற்று என்று மட்டும் சொல்லப் போவதில்லை என்றும், அதோடு விட்டுவிடுவார்கள் என்றும் சொன்னார். நானும் யாரிடமும் சொல்லக் கூடாது என்று என் கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். வாங்கிய கையோடு, செருப்புக் காலோடு உள்ளே வந்து நிற்பதற்காக என்னைத் திட்டினார்.

கிறிஸ்துமஸ் காலை. கோயில் நிறைய ஜனம். வர்ணக் காகிதத் தோரணம், புதுத்துணி வாசனை. மாமனார் அன்று மணியை எப்போதும்போல அடிக்கவில்லை. கயிறு இரண்டு முறை கை நழுவியது. பிரசங்கத்தில் ஐயர் இடம் கிடைக்காமல் மாட்டுத் தொழுவத்தில் பிறந்த குழந்தையைப் பற்றி உருக்கமாகப் பேசினார். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். துடைத்த கண்ணோடு அத்தனை பேரும் திரும்பி அத்தையைப் பார்த்தார்கள். ஐயர் அவருடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

அத்தை எழுந்தார். தலையில் முக்காடு, முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "பானையில இருந்த அரிசிய நான்தான் எடுத்தேன். தப்பு. மன்னிச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு உட்காரப் போனார்.

மாசிலாமணி எழுந்தார். அறிக்கை என்றால் முழுமையாக இருக்க வேண்டும் என்றார். எடுத்த அரிசி எங்கே என்று சபைக்குத் தெரிய வேண்டும் என்றார். அத்தை நின்றபடியே தரையைப் பார்த்தார். ஐயர் இன்னொரு முறை, கெஞ்சுகிற குரலில் கேட்டார். அத்தை வாயைத் திறக்கவில்லை. பெண்கள் பக்கத்தில் முணுமுணுப்பு எழுந்தது. ஐயர் கையில் வைத்திருந்த எங்கள் ஓலையைப் பார்த்தார், மாசிலாமணியைப் பார்த்தார், பிறகு ஓலையை மெதுவாக மடிக்க ஆரம்பித்தார். ரூபவதி தாயின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் அழவில்லை, தாயின் புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்த்ததும் என் நிதானம் போய்விட்டது.

நான் எழுந்துவிட்டேன். உண்மையைச் சொல்லக் கூடாது என்று சத்தியம் செய்திருக்கிறேன். பொய் சொல்லக் கூடாது என்று சத்தியம் செய்யவில்லை. "அந்த அரிசிய நான்தான் சாப்பிட்டேன், ஐயரே" என்றேன்.

அத்தனை தலைகளும் என் பக்கம் திரும்பின. இனித் திரும்ப முடியாது என்று மேலே மேலே அடுக்கினேன். செவிலிமேட்டில் எங்கள் வீட்டில் மைலோதான் என்றும், சோறு தின்று பல நாளாயிற்று என்றும், வருங்கால மாமியார் வீடு என்று வெட்கமில்லாமல் போய் உட்கார்ந்துவிட்டேன் என்றும், மாப்பிள்ளை மானம் போகக் கூடாது என்றுதான் அத்தை வாயைத் திறக்கவில்லை என்றும் சொன்னேன்.

முதலில் ஆண்கள் பக்கத்தில் ஒருவர் களுக்கென்று சிரித்தார். பிறகு பெண்கள் பக்கம். கொஞ்ச நேரத்தில் கோயிலே சிரித்தது. கல்யாணத்துக்கு முன்னாடியே விருந்தா என்று பின்னாலிருந்து ஒரு கிழவர் கேட்டார். ஐயர் முகத்தில் உயிர் வந்தது. மாசிலாமணிகூடச் சிரித்தார், கர்த்தர் மேல் ஆணை. மாப்பிள்ளைக்குச் செய்தது என்றால் தாயார் மனம் அல்லவா, இதை முன்பே சொல்லியிருக்கலாமே என்று அன்பாகக் கடிந்துகொண்டார். ஐயர் ஓலையைப் பிரித்து வாசித்தார். தடை உண்டா என்று கேட்டார். ஒருவருக்கும் இல்லை.

அன்று நான் ஜெயித்துவிட்டேன் என்று எல்லாரும் முதுகைத் தட்டினார்கள். எனக்கோ காறித் துப்ப வேண்டும்போல இருந்தது. கவனித்துப் பாருங்கள். ஆண்டவருடைய அரிசி அதேதான். எடுத்த கையும் அதேதான். திடகாத்திரமான ஒரு மாப்பிள்ளை, கையில் தொழில் உள்ளவன், அதைத் தின்று தீர்த்தான் என்றதும் அது தப்பே இல்லை, வேடிக்கையாகிவிட்டது. பசியில் நோன்பு பிடிக்கிறவள் தின்றாள் என்று தெரிந்திருந்தால் அந்தக் கோயில் சிரித்திருக்குமா? தொழுவத்துக் கதையைக் கேட்டு அழுத ஜனம் அது. இதை நான் யாரிடமும் சொல்ல முடியாமல் வீடுவரை நடந்து வந்தேன்.

அத்தை எனக்கு நன்றி சொன்னாரா? வீட்டு வாசலில் வைத்து, "கிறிஸ்மஸ் அன்னிக்கு கோயில்ல நின்னுக்கினு இவ்ளோ பொய்யா மாப்ள" என்றார். கல்யாணத்து அன்று காலைவரை என்னோடு பேசவில்லை. ஊர் எனக்கு அரிசி மாப்பிள்ளை என்று பெயர் வைத்தது. ஜனவரி நாலாம் தேதி அந்தப் பெயரோடுதான் தாலி கட்டினேன்.

பெயர் கிணற்றடிக்கும் போயிற்று. எல்லாரும் சிரித்தார்கள், சைதுன் சிரிக்கவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் நான் அந்த வீட்டில் ஒரு வேளைகூடச் சாப்பிட்டதில்லை என்பது அடுத்த வீட்டுக்காரிக்குத் தெரியாதா? நேராக அத்தையிடம் வந்து கேட்டார். அத்தைக்குப் பொய் வராது. உண்மையைச் சொல்லிவிட்டு, முதல் தடவையாக வாழ்க்கையில் யாரையும் திட்டாமல் உட்கார்ந்திருந்தார். சைதுன் எழுந்து தன் வீட்டுக்குப் போய்ப் புருஷனிடம் சொன்னார். சுவருக்கு அந்தப் பக்கம் அப்துல் ரஹ்மான் சிரித்தது இங்கே கேட்டது. அது படைத்த சோறு இல்லை, சமைக்காத அரிசி, பசிக்கு மனுஷன் மனுஷனுக்குக் கொடுத்தது, இதில் நோன்புக்கு என்ன வந்தது என்று அவர் சத்தமாகவே சொன்னார். அத்தை அத்தனை அவமானத்தைச் சுமந்தது தானாகவே நினைத்துக்கொண்ட ஒரு பயத்துக்காக. சைதுனிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும். கேட்காதது அவருடைய தப்புத்தான். ஆனால் அந்தத் தப்பைச் செய்வதற்கும் ஒரு நெஞ்சு வேண்டும்.

அந்த வருஷம் பெருநாளும் பொங்கலும் ஒட்டி வந்தன. பெருநாள் அன்று சைதுன் எங்கிருந்தோ கொஞ்சம் சேமியா தேற்றிக் காய்ச்சி, ஒரு தட்டை மூடி எடுத்துக்கொண்டு சித்தாராவோடு புறப்பட்டார். கோயில் அரிசிக்குக் கோயில்காரர்களிடம்தான் நன்றி சொல்ல வேண்டும் என்பது அவருடைய நியாயம். அத்தை தடுப்பார் என்று தெரிந்து சொல்லாமலே கிளம்பிவிட்டார். தெருமுனையில் பூக்காரியிடம் ஐயர் வீடு எது என்று கேட்டார். காஞ்சிபுரத்தில் அப்படிக் கேட்டால் எங்கே அனுப்புவார்கள்? பூக்காரி பெருமாள் கோயில் பக்கம் கை காட்டினாள். அங்கே ஒரு வீட்டில் பூணூல் போட்ட பெரியவர் ஒருவர் வெளியே வந்தார். உங்கள் கோயில் அரிசியில்தான் நாங்கள் நோன்பு பிடித்தோம் என்று சைதுன் சொல்ல, மடைப்பள்ளியிலிருந்து எப்போது அரிசி போயிற்று என்று அவர் திகைத்துப்போயிருக்கிறார். பேசிப் பேசி, இது வேறு ஐயர் என்று புரிந்ததும், வெயிலில் நிற்கிறாளே என்று சித்தாராவுக்குத் தண்ணீர் கொடுத்து, தெருமுனைவரை வந்து வழிகாட்டிவிட்டுப் போனாராம்.

சரியான ஐயர் வீட்டுக்குச் சைதுன் போய்ச் சேர்ந்தபோது அங்கே மாசிலாமணியும் உட்கார்ந்திருந்தார். சைதுன் இருவரையும் பார்த்து, நோன்புக்கு அரிசி கொடுத்த சபைக்கு நன்றி என்று சொல்லித் தட்டை வைத்தார். கொடுத்து அனுப்பிய சுகிர்தம் அக்கா நன்றாக இருக்க வேண்டும் என்றார். மாசிலாமணிக்கு எல்லாம் அந்த நிமிஷமே விளங்கியிருக்க வேண்டும். என் பொய், அத்தையின் மௌனம், தான் கேட்ட கேள்வி எல்லாமே. தட்டை வாங்கிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் அத்தையிடம் வந்து இரண்டு வார்த்தை சொல்வார் என்று நான் எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. அறிவிப்பு நேரத்தில் எழுந்து தொண்டையைச் செருமிக்கொண்டார். நம் சபையார் பஞ்ச காலத்திலும் பிடி அரிசியின் மூலம், மதபேதம் பாராமல், வறுமையில் வாடும் ஓர் இஸ்லாமியக் குடும்பத்தைப் போஷித்து வருகிறார்கள் என்று சந்தோஷத்தோடு அறிவிப்பதாகச் சொன்னார். சபை பெருமையில் தலையாட்டியது. மூன்று வாரத்துக்கு முன்னால் திருடி என்று மென்ற அதே வாய்கள் ஆமென் என்றன.

நான் எழுந்தேன். இந்தத் தடவை உண்மையைத்தான் சொல்லப்போகிறேன், சத்தியமாவது ஒன்றாவது என்று முடிவு செய்துவிட்டேன். நடைபாதைக்கு அந்தப் பக்கம், பெண்கள் வரிசையின் ஓரத்தில் இருந்த அத்தை கையை நீட்டி என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். ஆண்கள் பக்கம் கை நீட்டியதைக்கூட அவர் யோசிக்கவில்லை. நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். அதில் கோபமே இல்லை. கண்ணில் ஏதோ கணக்குப் போடுகிற மாதிரி ஒரு பார்வை.

"உக்காருங்க மாப்ள. ‘வருகிறார்கள்’னாரு, கேட்டீங்களா? குடுத்தாங்கன்னு சொல்லல. குடுத்துக்கினு வர்றாங்கன்னு சபை முன்னாடி சொல்லிட்டாரு. இனிமே நிறுத்த முடியாது."

ஆராதனை முடிந்ததும் வீட்டுக்கு வராமல் நேராக மாசிலாமணி வீட்டுக்கு நடந்தார். நானும் பின்னாலேயே போனேன். அவர் அப்போதுதான் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு விசிறியோடு உட்கார்ந்திருந்தார். அத்தை வாசலில் நின்று, மிகவும் மரியாதையாக, சபை போஷித்து வருவதாக ஐயா சொன்னீர்களே, இந்த வாரத்து அரிசியை வாங்கிக்கொண்டு போகலாம் என்று வந்தேன் என்றார். மாசிலாமணி என்னைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார். தெருவில் கோயிலிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த நாலைந்து பேர் என்ன விஷயம் என்று நின்று பார்த்தார்கள். அவர் எழுந்து, கோயில் சாவியை எடுத்துக்கொண்டு, எங்களோடு திரும்ப நடந்து, கூடையிலிருந்த அரிசியைத் தன் கையாலேயே அள்ளி அத்தையின் மடியில் போட்டார். அடுத்த ஞாயிறும் போட்டார். அப்துல் ரஹ்மான் கை ஆறி, வைகாசியில் மறுபடி அடுப்பு மூட்டி ஈயம் பூச உட்காருகிற வரைக்கும் ஒரு வாரம்கூட அத்தை மாசிலாமணியை விடவில்லை.

அந்த முதல் ஞாயிறு, அரிசியைப் போட்டு முடித்ததும் மாசிலாமணி மன்னிப்புக் கேட்பார் என்று நான் கோயில் வாசலிலேயே நின்றேன். அவர் கதவைப் பூட்டினார், பூட்டை இழுத்துப் பார்த்தார், சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார், ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். இன்றுவரை சொல்லவில்லை, நானும் இன்றுவரை விடவில்லை. அத்தை அதற்காக ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. சித்தாரா பசியோடு இருப்பாள் என்று மடியை இறுகப் பிடித்துக்கொண்டு அவர் தெருமுனையைத் திரும்பிவிட்டார்.